இரண்டு நடுக்கோடு போட்ட பல்சக்கரம்

மூன்று முறை அளந்து பார்க்கிறவனால்தான் உண்மையிலேயே பெரிய தப்பைச் செய்ய முடியும். ஒருமுறை அளப்பவனுக்குக் கொஞ்சமாவது சந்தேகம் மிச்சமிருக்கும்.

1988 ஆவணி, சனிக்கிழமை. (நாட்குறிப்பு இருக்கிறது.) போடிமெட்டில் என் அக்காள் கணவரின் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில், காய்ந்த காயை உருட்டிக் காம்பு உதிர்க்கும் டிரம்மின் பல்சக்கரம் உடைந்தது. வியாழக்கிழமை போடியில் ஏலம். மச்சான் முதன்முதலாகத் தன் பெயரில் வைக்கப்போகும் சரக்கு.

நான் அப்போது மதுரையில் கம்ப்யூட்டரில் இயந்திரப் படம் வரையக் கற்றுக்கொண்டிருந்தேன். "எங்கிட்ட விடுங்க மச்சான்" என்று சக்கரத்தைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

திங்களன்று திரையில் ஓர் அதிசயம். பற்களின் நடுக்கோடும் அச்சுத் துளையின் நடுக்கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழவில்லை. இரண்டு மில்லிமீட்டர் விலகல். மறுபடி அளந்தேன். மூன்றாம் முறையும் அதே இரண்டு. இதைச் செய்த மகான் ஏதோ சூட்சுமத்தோடுதான் துளையைத் தள்ளி வைத்திருக்கிறார் என்று எனக்குப் புல்லரித்தது. படம் போடும் பிளாட்டர் இயந்திரத்தின் பேனா தானாக நடந்து அந்த இரண்டு கோடுகளையும் தாளில் போட்டபோது, வாயைப் பிளந்து நின்றேன்.

செவ்வாயன்று போடி லேத்துப் பட்டறையில் டர்னர் முத்தையா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஒரு சக்கரத்துக்கு எதுக்கு சார் ரெண்டு நடுவு? பழசக் காட்டுங்க."

"பழசு எதுக்கு? இது கம்ப்யூட்டர் போட்டது."

மச்சான் குறுக்கிட்டார். "மாப்ள மருதைக்குப் போயி போட்டுக் கொண்டாந்திருக்காருப்பா. தாள்ல உள்ளபடி வெரசா வெட்டு."

புதன் காலை முத்தையாவே மலைக்கு வந்து மாட்டினான். சுவிட்சைப் போட்டதும் டிரம் விக்கியது, தும்மியது, பிறகு போல்ட்டைப் பிடுங்கிக்கொண்டு தரையில் நடக்கத் தொடங்கியது. அதன் கதவு திறந்து, ஏலக்காய் கூரை வரை எழும்பிப் பச்சை மழையாகக் கொட்டியது. அவ்வளவு அழகான காட்சியை நான் அதற்குப்பின் பார்த்ததில்லை. (மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை.)

"ஆத்தா, மெசினுக்கு சாமி வந்துருச்சு! சூடம் கொண்டாங்கடி!" என்றாள் காய் பொறுக்கும் ஒருத்தி. யாரோ குலவையே போட்டார்கள். பற்கள் பொடிந்த பிறகுதான் சாமி மலையேறியது.

முத்தையா என் பையிலிருந்த பழைய சக்கரத்தை எடுத்துத் துளையில் விரலை விட்டான்.

"இது ஓட்டையா சார்? சக்கரத்தப் பூட்டுற சாவி லூசாகி, அச்சு ஒரு பக்கமாவே தின்னு வச்சிருக்கு. நீங்க தேய்மானத்தப் போயி அளந்திருக்கீக."

மூன்று முறை.

அன்று பொழுது சாயும்வரை எல்லோரும் சாக்கில் உட்கார்ந்து கையாலேயே காயைத் தேய்த்தோம். என் உள்ளங்கை உரிந்தது. பாதிச் சரக்குத்தான் தேறியது. ஆனாலும் வியாழன் காலை ஜீப்பில் மச்சான் பெயரோடு அது இறங்கியது.

இரண்டு வருடம் கழித்து என் கல்யாணத்தில் போட்டோக்காரர், "மாப்பிள்ளை நடுவுல வாங்க" என்றார்.

"எந்த நடுவுன்னு கேட்டுக்கங்க தம்பி!" என்று கத்தினார் மச்சான். மண்டபமே சிரித்தது. புரியாமல் விழித்தது மணப்பெண் மட்டும்தான். அன்று மாலையே அக்கா அவளுக்கு விவரமாகச் சொல்லிவிட்டாள்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் நான் ஒரு காலண்டர் மாட்ட ஆணியை எடுத்தாலும், அவள் வந்து பக்கத்தில் நின்றுகொள்கிறாள்.