இரண்டாம் மதிப்பீட்டாளர்

"மாட்டினான் அந்த ரெண்டாம் நம்பர்!" என்று கணவர் மடிக்கணினி முன்னால் கூவியதும், பேராசிரியைக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"யாருங்க?"

"யாரா? ஒன்பது வருஷத்துக்கு முன்னால என் கட்டுரையைக் கிழிச்ச மதிப்பீட்டாளர் நம்பர் ரெண்டு! பழைய மதிப்புரைகளை எல்லாம் எழுதினவங்க பேரோட வெளியிடப் போறாங்களாம். வர்ற வெள்ளிக்கிழமை!"

ஆய்விதழுக்கு வரும் கட்டுரையை, யார் எழுதியது என்று தெரியாமலே இருவர் படித்து, தங்கள் பெயரும் வெளிவராமல் கருத்துச் சொல்வது வழக்கம். கணவரின் ஏரி ஆய்வுக்கு இரண்டாமவர் எழுதியது ஒரே வரி: 'ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும், இவர் ஏரியில் ரசாயனத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கொட்டியிருக்கிறார்.'

அதைக் கல்யாணமான மறுவாரமே அவர் சாப்பாட்டு மேசையில் ஒப்பித்தபோது பேராசிரியைக்குப் புரையேறியது. எழுதியவளே அவள்தான். அன்றே சொல்லியிருக்கலாம். தைரியம் வரவில்லை. எட்டு வருஷமாக அவர் ஒப்பிப்பதும், அவள் தட்டைப் பார்த்துக் குனிவதுமாகக் குடித்தனம் ஓடுகிறது.

இதில் கொடுமை, பெயர்களை வெளியிடச் சொல்லி ஊரெல்லாம் கையெழுத்து வேட்டை நடத்தியதே அவள். 'அறிவியலில் ஒளிவுமறைவு கூடாது' என்று வகுப்பில் தொண்டை வறளப் பேசுகிறவள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டாள், பாவம்.

மறுநாள் இதழ் அலுவலகத்துக்கு ரகசியமாகப் போன் செய்தாள்.

"என் பேரை மட்டும் விட்டுட முடியுமா சார்?"

"தாராளமா மேடம். ஆனா பேரை மறைக்கச் சொன்னவங்க பட்டியலைத் தனியா முதல் பக்கத்துல போடுறோம். நீங்க கேட்ட வெளிப்படைத்தன்மைதானே!"

அந்த வழி அடைபட்டதும் கணவரைத் திசைதிருப்பப் பார்த்தாள்.

"ஒருவேளை உங்க பழைய வழிகாட்டியா இருக்குமோ?"

"அட! அப்ப அவரையும் வீட்டுக்கு வரச் சொல்றேன். எல்லார் முன்னாடியும் திறந்து பார்ப்போம்."

"எல்லாரும்னா?"

"நம்ம துறை மொத்தமும்தான்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் வாடகை நாற்காலிகள் நாற்பது வந்து இறங்கின. கூடத்தில் பெரிய திரை வேறு. கணவர் விசிலடித்துக்கொண்டே காகிதக் கோப்பை வாங்கக் கடைக்குப் போனார்.

மாமனார் மட்டும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, தேநீரில் மூன்றாவது கரண்டிச் சர்க்கரையைப் போட்டார்.

"மாமா, ஆத்துல போட்டாலும் அளந்து..." பழக்கதோஷத்தில் ஆரம்பித்தவள், முடிக்க முடியாமல் அழுதுவிட்டாள்.

"என்னம்மா?"

"அவரோட கட்டுரையைக் கிழிச்சது நான்தான் மாமா. அவர் கட்டுரைன்னு சத்தியமா தெரியாது. இனிமே என் முகத்துல முழிப்பாரா? இந்த வீட்டுல எனக்கு இடம் இருக்குமா?"

மாமனார் நிதானமாகத் தேநீரைக் கலக்கினார்.

"இது அவனுக்குத் தெரியாதாக்கும்! ஒரு கருத்தரங்குல நீ எந்திரிச்சு இதே பழமொழியைச் சொன்னதைக் கேட்டுட்டுத்தானேம்மா, கட்டினா இவளைத்தான் கட்டுவேன்னு ஒத்தக்கால்ல நின்னான். நீயா எப்பதான் வாயைத் திறப்பேன்னு எட்டு வருஷமா அந்த வரியைச் சொல்லிச் சொல்லிப் பாக்குறான்!"