அத்தானுக்கு முடி முளைத்த கதை

கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று பெயர் எடுப்பதைப் போல ஆபத்து வேறு கிடையாது. எனக்குத் தெரியாது என்று சொல்லும் தைரியம் அன்றோடு போய்விடும். தொண்ணூறுகளின் கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பிரவுசிங் சென்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். (இன்டர்நெட்டே என் சட்டைப் பையில் இருப்பதாக நினைப்பு.)

என் அக்கா வீட்டுக்காரர், அதாவது அத்தான், ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணித் தறி ஓட்டினார். அவருக்கு ஒரு வெப்சைட் செய்து கொடுத்தேன். சைட்டின் பெயரே அவர் பெயர்தான். திறந்ததும் அவர் படம், சென்டர் வெப்கேமராவில் நான் எடுத்தது. கல்யாண ஆல்பத்தில்கூட முறைத்துக்கொண்டு நிற்கும் மனிதர் அந்த ஒரு படத்தில்தான் சிரித்திருந்தார். கொஞ்ச மாதத்தில் மாரடைப்பில் போய்விட்டார். நாற்பதுகூட முழுசாக ஆகவில்லை. சாகிற வயதா அது?

வெள்ளிக்கிழமைதோறும் அக்கா கோயிலுக்கு வந்துவிட்டு சென்டருக்கு வருவாள். சைட்டைத் திறந்து வைப்பேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள்.

“இத ஒரு பிரிண்ட் எடுத்துக் குடேம்லே” என்றாள் ஒருநாள்.

“எதுக்குக்கா? அதான் அத்தான் ஒலகம் பூராம் இருக்காகள்ல.” (இந்த வாயைத் தைத்திருக்க வேண்டும்.)

இணையத்தில் பெயர் என்பது வாடகை வீடு மாதிரி. கெடு முடிவதற்குள் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கச் சொல்லும் மெயில் அத்தானுக்குத்தான் போகும். அதன் பாஸ்வேர்டோ அவரோடு போய்விட்டது. சைட்டின் சொந்தக்காரர் என்று பதிந்திருந்த இடத்தில் அவர் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டுவிடலாமா என்று அக்காவிடம் போய் நின்றேன்.

“தலத்திவசம் கழியட்டும்லே. அதுவரைக்கும் அவிய பேர எதுலயும் எடுக்கக் கூடாது. கரண்டு பில்லே அவிய பேர்லதான வருது.”

கரண்டு ஆபீஸே பொறுத்திருக்கும்போது பெயரை வாடகைக்கு விட்ட அமெரிக்காக்காரன் பொறுக்க மாட்டானா என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்த ஐப்பசி மழையில் சென்டரின் டெலிபோன் லைன் வாரக்கணக்கில் செத்துக் கிடந்தது. திவசத்தன்று காலையில்தான் உயிர் வந்தது. வந்ததும் ஒரு தடவை சைட்டைத் திறந்து பார்த்திருக்கலாம். நானோ வேன் பேசப் போய்விட்டேன். சொந்தக்காரர்கள் எல்லாரும் அத்தானின் சிரிப்பைப் பார்க்கட்டும் என்று ஒரு பெருந்தன்மை.

சாப்பாடு முடிந்து, ஒரு வேன் ஜனமும் சென்டருக்குள் நெருக்கியடித்து நின்றது. சேத்தூரிலிருந்து வந்திருந்த அத்தானின் அண்ணன் மானிட்டருக்கு ரோஜாமாலை போட்டார். பெயரைத் தட்டினேன். அந்தக் காலத்து லைனில் படம் உச்சியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். முதலில் முடி வந்தது, கறுகறுவென்று.

“தம்பிக்கு ஏதுலே இம்புட்டு முடி?” என்றார் அண்ணன். அத்தானுக்குச் சுத்தமான வழுக்கை.

“கலர் செட் ஆகுது பெரியத்தான், செத்த இருங்க.”

அடுத்து நெற்றி, மை தீட்டிய கண், லிப்ஸ்டிக். படம் கழுத்துக்குக் கீழே இறங்கியதும் பெண்கள் திரும்பிக்கொண்டார்கள். மானிட்டரை அணைக்கலாமென்றால் சுவிட்ச் மாலைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. நீச்சல் உடையில் யாரோ ஒரு வெள்ளைக்காரி, எங்கள் அத்தான் பெயரில், மாலையும் கழுத்துமாக நின்றாள்.

அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. “அவிய எங்கலே?” என்று மட்டும் அக்கா கேட்டாள். நான் சென்டருக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

கெடு தப்பிய பெயரைக் கவ்வுவதற்கென்றே ஒரு கூட்டம் மெஷின் வைத்துக் காத்திருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. தவறவிட்டவர்கள் மீட்டுக்கொள்ள அவகாசம் தரும் விதியெல்லாம் அதற்கும் அப்புறம் வந்தது. வந்து என்ன செய்ய? பெயரோடு சைட்டில் இருந்த படமும் அழிந்துவிட்டது, வேறு பிரதி நான் வைத்திருக்கவில்லை.

இப்போது எங்கள் வீட்டு விசேஷம் எதிலும் இந்தக் கதை இல்லாமல் பந்தி முடியாது. அக்காதான் சொல்வாள், முடி, மை, லிப்ஸ்டிக் என்று வரிசை மாறாமல். எல்லாரையும்விட அவள்தான் அதிகம் சிரிப்பாள். சிரிப்பு ஓய்ந்ததும் என் பக்கம் சாய்ந்து கேட்பாள்.

“ஏலே, அந்தப் படத்துல அவிய சிரிக்கையில பல்லு தெரியுமா?”

“தெரியும்க்கா.”

தலையை ஆட்டிக்கொள்வாள். நிஜத்தில் எனக்கும் மறந்துவிட்டது. போன விசேஷத்தில் தெரியாது என்று சொன்னேன். அதற்கும் இப்படித்தான் ஆட்டினாள்.