தடி தொடாச் சங்கரபாண்டியர் இன்கா மலை ஏறிய படலம்

இப்பூவுலகில் மலையேறியோர் இரு வகையினர்: சிவகாசிச் சங்கரபாண்டியர் ஒரு வகை, ஏனையோர் மறு வகை. இவ்வுண்மையை முதன்முதலில் உலகுக்கு உரைத்தவர் சங்கரபாண்டியரே ஆதலால், இதில் ஐயுற இடமேயில்லை.

வாழ்க அவர்தம் குதிகால். நாலுநிற அச்சின் நாயகரும், ஆறு ஆப்செட் எந்திரங்களை ஒற்றைக் குரலால் ஓட்டுபவரும், தினசரிக் காலண்டரின் தாள்தோறும் நாட்டாருக்கு நல்ல நேரம் வழங்கி இராகுகாலத்தை ஒன்றரை மணியோடு அடக்கிவைத்தவரும், ஐம்பத்து நான்கு வயதும் தொண்ணூற்றாறு கிலோவும் ஒருங்கே நிரம்பியவரும், சதுரகிரி மலையைச் செருப்பின்றி, தடியின்றி, மூச்சு வாங்குதலின்றி ஆடி அமாவாசைதோறும் ஏறுகிறவருமான அப்பெருந்தகையின் புகழ், விருதுநகர் தொட்டு வெம்பக்கோட்டை ஈறாக அச்சாபீஸ் உள்ள தெருவெல்லாம் பரவிக் கிடந்தது. கடைசியாக அவர் சதுரகிரி ஏறியது 1991-ஆம் ஆண்டு என்பதை எவரும் கேட்கவில்லை; அவரும் வலிந்து சொல்லவில்லை.

உலகின் ஏழு அதிசயப் போட்டியில் தாஜ்மகாலுக்கு ஓட்டுப் போடச் சொல்லி நாடே செல்போனும் கையுமாய்த் திரிந்த 2007-ஆம் ஆண்டில், அச்சு மை விற்கும் அயல்நாட்டுக் கம்பெனியொன்று, தன் மையைக் குடம்குடமாய்க் கொண்ட கொள்முதல் வேந்தர்களை மனைவியரோடு பெரு நாட்டுக்குச் சுற்றுலா அனுப்பத் துணிந்தது. சங்கரபாண்டியர் தம் தேவி பத்திரகாளியுடன் புறப்படலானார். நாரணாபுரத்தில் பட்டாசு ஆலை நடத்தும் காசிராஜன், அதாவது பத்திரகாளியின் தம்பி, சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து உடன் ஒட்டிக்கொண்டான். பயணத்தின் ஆறாம் நாளுக்கு நேராக அச்சிடப்பட்டிருந்தது இதுவே: “வழிகாட்டியுடன் இரண்டு மணி நேர எளிய மலைநடை. பழமையான இன்கா கோட்டை.”

எளிய என்னும் அச்சொல்லில்தான் விதி பதுங்கியிருந்தது.

பயணத்துக்கு முந்தைய வாரம், மதுரையில் வாங்கிய மடக்குத் தடியொன்றைக் காசிராஜன் பிரஸ் ஆபீசுக்கு எடுத்துவந்து, டக்கென்று நீட்டிக் காட்டினான். அவ்வேளை அங்கே காரியாபட்டி காலண்டர் ஏஜெண்ட் ஊர்க்காவலன் அமர்ந்து, வழக்கம்போல் ஒரு விநாயகரை லென்ஸ் வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். எப்பேர்ப்பட்ட தெய்வமாயினும் லென்ஸ் வைத்துப் பார்க்காமல் கும்பிடாதவர் அவர்.

“என்ன மாப்ளே இது, குடைக்கம்பியா?”

“மலைக்கு ஊண்டிக்கிடுறதுக்கு அத்தான். டிராவல்ஸ்காரன் கண்டிப்பாச் சொல்லிட்டான். ஒங்களுக்கும் ஒண்ணு வாங்கட்டுமா?”

அரிமா நோக்கியது. ஆறு எந்திரங்களும் அக்கணம் ஓசை தணிந்தன, மின்வெட்டு நேரம். அந்த அமைதியில் சங்கரபாண்டியர் திருவாய் மலர்ந்தருளினார்.

“மனுசனுக்கு ஆண்டவன் ரெண்டு காலுதான் குடுத்திருக்கான். மூணாவது காலு வேணும்னா ஸ்டூலாப் பொறந்திருக்கணும்லே.”

ஊர்க்காவலன் லென்ஸை இறக்கிவைத்துச் சிரித்தார். மாலைக்குள் அச்சொல் ஊர் முழுதும் உலா வந்தது. காசிராஜனை அவன் ஆலையின் ஃபோர்மேனே ஸ்டூல் மொதலாளி என்று முதுகுக்குப் பின்னால் அழைக்கலானான்.

சூளுரை அதனோடு நிற்கவில்லை. சிவகாசியில் புத்தாண்டு பிறப்பது சனவரியில் அல்ல, ஆடிப் பதினெட்டில். வரப்போகும் ஆண்டின் காலண்டர் மாதிரிகளையெல்லாம் ஓர் ஆல்பமாகத் தைத்து, பூசை போட்டு, ஏஜெண்டுகள் முன்னிலையில் அன்றுதான் வெளியிடுவர். ஆண்டின் ஆர்டர் அத்தனையும் அந்த ஆல்பத்தைப் பார்த்துத்தான். ஆடி மாதத்திலேயே அடுத்த தைப்பொங்கலைக் கட்டுக்கட்டாய் அடுக்கிவைத்திருக்கும் மக்களுக்கு, இன்னும் நடக்காத ஒன்று என்பது லோடு ஏறாத சரக்கு, அவ்வளவே. ஆகவே சங்கரபாண்டியர் விமானமேறுமுன்னரே ஆல்பத்தின் அட்டையைப் பத்தாயிரம் அடித்துவைத்துவிட்டார். அதில் பொன்னெழுத்தில் பொறித்திருந்தது: “ஊன்றுகோல் தொடாமல் இன்கா மலை உச்சி கண்ட எங்கள் நிறுவனர்.” அதற்கு மேலே, போட்டோவுக்காக மூன்றுக்கு நான்கு அங்குலத்தில் ஒரு வெள்ளைக் கட்டம்.

“ஏறிட்டு வந்து அடிக்கக் கூடாதா?” என்றாள் பத்திரகாளி.

“அதுவரைக்கும் சீசன் நிக்குமா?” என்றார் அவர்.

இவ்வாறாக, செயல் அச்சாகிவிட்டது. செய்வது ஒன்றே பாக்கி.

ஆறாம் நாள் காலை, முகில் தவழ் முகடுகளும் முகடு தவழ் முகில்களும் எது எது எனப் பிரித்தறியவொண்ணாது மயங்கிக் கிடந்த அம்மலையடிவாரத்தில், மற்ற மை வேந்தர்களெல்லாம் கடைவீதிக்குப் போய்விட, சங்கரபாண்டியரின் மூவர் படை வந்திறங்கியது. சூடம் ஏற்றாமல் மலையில் கால்வைப்பது மரபன்று. வில்லைச் சூடம் மடியில் இருந்தது, தீப்பெட்டி இல்லை. உலகின் அடுப்புகளுக்கெல்லாம் நெருப்பு அனுப்பும் ஊரின் மைந்தரிடம் இருந்த ஏழு தீப்பெட்டிகளையும் சென்னை விமான நிலையத்திலேயே பறித்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியின்றி, எட்கர் என்னும் பெயர் பூண்ட வழிகாட்டியிடம் சிவகாசி நெருப்பு கேட்டுக் கைநீட்டியது. அவன் பிளாஸ்டிக் லைட்டர் ஒன்றை நீட்டினான். அது சீனத்துச் சரக்கு. சங்கரபாண்டியர் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றினார்.

பின்னர் எட்கர் ஆளுக்கொரு தடி வழங்கினான். முழு மூங்கில், பிடியில் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாய்க் கம்பளிக் குஞ்சம். பத்திரகாளி ஒன்றை வாங்கி இரண்டு தரம் தரையில் தட்டிப் பார்த்துக்கொண்டாள். காசிராஜன் தன் மடக்குத் தடியை நீட்டினான். சங்கரபாண்டியர்பால் நீண்ட தடியோ, புறங்கையால் ஒதுக்கப்பட்டது.

“மெதுவா, மெதுவா” என்று ஆங்கிலத்தில் வேண்டினான் எட்கர்.

முதல் பத்து நிமிடம் போர் ஒருதலையாகவே நடந்தது. வயிறு யானைப்படையாய் முன்செல்ல, தோள்கள் தேர்ப்படையாய் இருபுறமும் அசைய, மீசை கொடியாய்ப் பறக்க, எதிர்ப்பட்ட கல்லையெல்லாம் காலால் வணங்கச் செய்து, பின்னே வருவோரை ஏளனப் புன்னகையால் திரும்பித் திரும்பி எய்தவாறு அவர் ஏறிய வேகத்தைக் கண்டு, மேய்ந்துகொண்டிருந்த லாமா ஒன்று மெல்லுவதை நிறுத்தியது.

பதினோராம் நிமிடத்தில் பகை வெளிப்பட்டது. அது கல்லன்று, முள்ளன்று, காற்று. அம்மலைநாட்டில் காற்று ரேஷன்கடை மண்ணெண்ணெயைப் போன்றது. வரிசையில் நின்றாலும் கேட்ட அளவு கிடைப்பதில்லை. நாயகர் வாயைத் திறந்தார், கால்பங்கு வந்தது. நெஞ்சு தவிலானது. காது நாதசுரமானது. முழங்கால்கள், முப்பதாண்டு காலம் சுழல்நாற்காலியில் சுகவாழ்வு வாழ்ந்த அவ்விரு முழங்கால்களும், ஒன்றையொன்று பார்த்து ஏதோ பேசத் தொடங்கின.

நின்றால் இழிவு; நில்லாவிடில் சாவு. இவ்விக்கட்டில் அவரைக் காத்தவர்கள் இன்கா கொத்தனார்கள். சுண்ணமின்றிச் சாந்தின்றி, கத்தி முனையும் புகாவண்ணம் கல்லோடு கல் பொருத்தி எழுப்பிய சுவர்கள் வழிநெடுக நின்றன. அச்சுத்தொழிலில் நான்கு நிறமும் மயிரிழை பிசகாது ஒன்றன்மேல் ஒன்றாய் விழுவதற்கு ரெஜிஸ்டர் என்று பெயர். அது விலகினால் மகாலட்சுமியின் சிரிப்பு உதட்டுக்கு வெளியே போய்விடும். சங்கரபாண்டியர் பிரஸ்ஸில் முப்பதாண்டாக எந்தச் சாமியும் உதட்டுக்கு வெளியே சிரித்ததில்லை. அத்தகையவர் கற்சுவரைக் கண்டால் நின்று சோதிப்பது கடமையன்றோ.

“என்னமா ரெஜிஸ்டர் பிடிச்சிருக்கான் பாரு” என்று முதல் சுவரில் சாய்ந்தார். இரண்டாம் சுவரில் நகத்தால் கல்லிடுக்கைத் தடவினார். மூன்றாம் சுவரில் கன்னத்தையே வைத்துப் பார்த்தார். ஏழாம் சுவரில் மூச்சு விடுவதோடு சரி.

“சாமி கும்புடுத மாதிரி ஒவ்வொரு செவுத்தையும் தொட்டு நிக்கீகளே” என்றாள் பத்திரகாளி.

“தொழில் அறிவு.”

“மூஞ்சி ஊதா கலராயிருச்சு. அதுவும் தொழில்தானா?”

அப்போது கையொன்றுக்கு ஒரு தடியாக ஊன்றிவந்த, எழுபது கடந்த வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தி, அவருக்கு வணக்கம் சொல்லிக் கடந்துபோனாள். நாயகரின் சொந்தக் கணக்குப்படி அவள் ஸ்டூலும் கூட அல்லள், நாற்காலி. அந்நாற்காலி அடுத்த வளைவில் மறையும்வரை அவர் ஏழாம் சுவரை விட்டு அகலவில்லை.

காசிராஜனும் எட்கரும் எப்போதோ மேலே போய்விட்டார்கள். எஞ்சியது கடைசிப் படிக்கட்டு: எண்பத்தேழு படி, ஒவ்வொன்றும் முழங்காலுக்கு மேல். பத்திரகாளி தடியை நீட்டினாள்.

“பிடிங்க. யாரும் பாக்கல.”

“பத்தாயிரம் அட்டை, பத்திரகாளி.”

“அட்டை அங்கன கிடக்கு. நீங்க இங்கன விழுந்தா தூக்க நாலு பேரு வேணும். வந்திருக்கது நாங்க மூணு பேரு.”

அவர் மறுத்தார். கைகளையே கால்களாக்கி, தவழ்தல் எனப் பெயரிட நா கூசும் ஒரு முறையால் முப்பத்தொரு படிகளை வென்றார். முப்பத்திரண்டாம் படியில் வெற்றி அவரைக் கைவிட்டது. அருகே பத்திரகாளி ஒரு கல்மேல் அமர்ந்து சாத்தூர்ச் சேவுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அவருக்கும் நடுவே, சுவரில் சாய்த்தபடி, தடி.

கிழக்கே பார்த்தார்; பனிமலை. மேற்கே பார்த்தார், லாமா. கண்ணுக்கெட்டிய தூரம்வரை அச்சாபீஸ்காரர் எவரும் இல்லை. இவ்விடத்தில் காவியம் நாகரிகம் கருதிச் சற்றே முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அது மீண்டும் திரும்பிப் பார்க்கையில், எண்பத்தேழாம் படியிலிருந்து டொக், டொக் என்றொரு ஓசை கேட்டது. பத்திரகாளி பொட்டலத்துச் சேவைக் கையில் கொட்டிக்கொண்டாள்.

மேலே கோட்டை. ஐந்நூறாண்டுக்கு முன் அரசர்கள் நின்ற மேடை. சுவருக்கு அப்பாலிருந்து கேமராவும் கையுமாகக் காசிராஜன் வெளிப்பட்டான். அந்த இமைப்பொழுதில் தடி முதுகுக்குப் பின்னே மறைந்தது. இரு கையாலும் அதைப் பற்றி, அதன்மேலேயே மொத்தப் பாரத்தையும் சாய்த்து, இரு காலும் ஒரு தடியுமாக நாயகர் நிமிர்ந்து நின்றார். தொண்ணூற்றாறு கிலோ மறைக்க முடியாத பொருளை உலகம் இன்னும் படைக்கவில்லை.

“கையை முன்னால வைங்க அத்தான். கெத்தா இருக்கும்.”

“இதான் கெத்து. எடுலே.”

“முழுசா எடுக்கட்டா?”

“இடுப்புக்கு மேல போதும். கட்டம் மூணுக்கு நாலுதான்.”

பொத்தானை அமுக்கிய அக்கணம் மலைக்காற்று ஒரு தரம் வீசியது.

ஊர் திரும்பியதும் போட்டோ கட்டத்தில் ஏறியது. ஆல்பத்தின் நூற்றிருபது படங்களையும் லென்ஸ் வைத்துப் பார்த்த சங்கரபாண்டியர், நூற்றிருபத்தோராவதான தம் படத்தில் மீசையை மட்டும் பார்த்து, பத்தாயிரத்துக்கும் ஓகே சொன்னார். முழங்கால்கள்தாம் பெருவிலிருந்து இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. அதனால் சூட்கேசில் குறுக்காகப் படுத்துவந்த ஒரு மூங்கில், யாரும் அறியாதபடி அவர் மேசைக்கு அடியில் குடியிருந்தது.

ஆடிப் பதினெட்டு. மாலை, குங்குமம், சாம்பிராணி, ஏஜெண்டுகள் இருநூறு பேர். ஆல்பம் வெளியானது, அட்டையைக் கண்டு கூடம் கைதட்டியது. காசிராஜன் மூலையில் ஒரு ஸ்டூலில் அடக்கமாக அமர்ந்திருந்தான். அப்போது ஊர்க்காவலன் எழுந்தார். கையில் லென்ஸ்.

“அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதீக. ஒங்க முழங்கைக்கு வெளிய செவப்பும் மஞ்சளும் பச்சையும் வெலகி நிக்கி. ரெஜிஸ்டர் போயிருச்சோ?”

கூடம் குனிந்து தத்தம் அட்டையைப் பார்த்தது. முழங்கைக்கு அப்பால், காற்றில் பறந்தபடி, கட்டைவிரல் நகம் அளவுக்கு மூன்று நிறம் தெரிந்தது.

“மல்லாங்கிணறு கடைக்காரர் ரெண்டாயிரம் மகாலட்சுமி கேக்காரு” என்றார் ஊர்க்காவலன், மெய்யான கவலையோடு. “அதுலயும் இப்பிடி வந்தா நான் எங்கன போய் நிக்க?”

காசிராஜன் ஸ்டூலிலிருந்து எழுந்து அத்தானுக்குக் கைகொடுக்க விரைந்தான்.

“சின்ன வெலகல்தான, அண்ணாச்சி. எல்லாப் பிரஸ்லயும் நடக்கதுதான். இல்லையா அத்தான்?”

ஒருபுறம் சூளுரை, மறுபுறம் முப்பதாண்டுக் காலம் உதட்டுக்குள்ளேயே சிரித்த மகாலட்சுமிகள். காசிராஜன் நீட்டிய கயிற்றைப் பிடித்தால் வீரம் பிழைக்கும், பிரஸ் சாகும். விட்டால் பிரஸ் பிழைக்கும், வீரம் சாகும். இருநூறு லென்ஸ்கள் தம்மேல் குவிந்ததைப் போல் வியர்த்து, பெருமூச்செறிந்து, இமயமும் ஆண்டீசும் ஒருங்கே நெஞ்சில் அமர்ந்த பாரத்தோடு, நாயகர் தம் இறுதிப் பிரகடனத்தை வெளியிட்டார்.

“என் பிரஸ்ல ரெஜிஸ்டர் வெலகாது.”

“அப்ப இது என்னது அண்ணாச்சி?”

“குஞ்சம்.”

“எதுல உள்ள குஞ்சம்?”

“தடியில உள்ளது.”

ஊர்க்காவலன் இன்னொரு தரம் லென்ஸ் வைத்துப் பார்த்து, தலையாட்டி, ஆர்டர் புத்தகத்தைத் திறந்து ரெண்டாயிரம் மகாலட்சுமி என்று எழுதிக்கொண்டார்.

உள்ளேயிருந்து இலை போட்டாச்சு என்று பத்திரகாளி கூப்பிட்டாள்.

சங்கரபாண்டியர் மேசைக்கு அடியிலிருந்து தடியை எடுத்து ஊன்றிக்கொண்டு சாப்பிடப் போனார்.