ஓரெஸ்ட் பெல்ட் மாட்டிய படலம்

பனி வாழி! துரு வாழி! துருவேறிய பின்னும் பிடித்த பிடியை விடாத போல்ட்டுகள் வாழி! மானிட்டோபா என்னும் வெண்பெருநிலத்தில், டாஃபின் என்னும் சிற்றூரில், முப்பத்தெட்டு ஆண்டு தானியக் கோபுரத்தில் கோதுமைத் தூசு குடித்து உரமேறிய தோளினன்; மெக்கானிக்கை நம்பாதோன், வானிலை அறிக்கையை நம்பாதோன், கடையில் கட்டிக்கொடுத்த வெண்ணெயை வீட்டுத் தராசில் மறுபடி நிறுப்போன்; இருபத்தோரு வயது நீலக் காரின் தனிப்பெருங் காவலன், எழுபத்திரண்டு வயது ஓரெஸ்ட்டின் வெற்றியைச் சொல்லுவோம். கேட்கிறவர்கள் கேளுங்கள். சிரிக்கிறவர்கள் எழுந்து போகலாம்.

வியாழன் மாலை, மூச்சு மீசையிலேயே உறையும் மைனஸ் முப்பத்திரண்டில், ஷெட்டுக்குள் நின்ற காரின் சாவியை ஓரெஸ்ட் திருப்பினான். உள்ளே எங்கோ 'டப்' என்றொரு ஓசை எழுந்து அடங்கியது. அதுவரை கிழட்டு எருமை போல முக்கி முனகிச் சுழன்ற இன்ஜின், அதன்பின் தையல் மிஷின் போல லேசாகச் சுழன்றது, ஆனால் கிளம்பவில்லை. லேசாகச் சுற்றுகிற எதையும் நம்பக்கூடாது என்பதை அறிந்த அறிவன், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, டார்ச் அடித்து, பாதாளத்துக்குள் ஒற்றைக் கண்ணைச் செலுத்தினான். சாவிப் பொறுப்பு அவன் மனைவி நெட்டிக்கு வந்தது.

"செல்ஃப் அடி நெட்டி!"

"அடிச்சுக்கிட்டுத்தான்யா இருக்கேன். என்ன தெரியுது?"

"உள்ள ஒண்ணும் அசையல."

"கண்ணத் தொறந்துதான பாக்குற?"

அசையவில்லைதான். கீழே பிஸ்டன்களை ஆட்டும் தண்டு சுற்ற, மேலே வால்வுகளை ஆட்டும் தண்டோ ஆணியடித்தாற்போல் நின்றது. இரண்டையும் ஒரே தாளத்தில் சுழற்றும் பல்வரிசைப் பட்டையாகிய டைமிங் பெல்ட் அறுந்து வீழ்ந்தது என்று அக்கணமே தெளிந்தான் ஓரெஸ்ட். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டி மடியும் இன்ஜின்கள் உண்டு. இது அந்த வகையில்லை. அந்த மட்டும் பிழைத்தது.

ஆனால் வந்த நேரம் பொல்லாத நேரம். நெட்டி யார்? பனித்தரையில் பத்தொன்பது கிலோ கல்லை வழுக்கவிட்டு வட்டத்தின் நடுவே நிறுத்தும் கர்லிங் ஆட்டத்தில், முதியோர் அணியின் தலைவி. ஓடும் கல்லின் முன்னே துடைப்பத்தால் தேய்ப்பவர்களுக்கு, தேய், நிறுத்து என்று குரலாலேயே ஆணையிடும் கோமகள். சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு ஸ்வான் ரிவர் என்னும் ஊரில் இறுதி ஆட்டம். பனிச்சாலையில் இரண்டு மணிப் பயணம். நாற்பத்து மூன்று ஆண்டுகளாக அவளை எந்த ஆட்டத்துக்கும் ஓரெஸ்ட்டைத் தவிர எவனும் கூட்டிப்போனதில்லை.

நெட்டியின் தம்பி மைரோன் அதற்காகவே காத்திருந்தவன் போல வாசலில் வந்து நின்றான். புது பிக்கப் வண்டி வைத்திருப்பவன். உட்காரும் இடத்தைச் சுடவைக்கும் சீட்டு அதிலே உண்டு.

"எதுக்கு மச்சான் இந்தக் குளிர்ல கஷ்டப்படறீங்க? சனிக்கிழமை பத்து மணிக்கு நான் வந்துடறேன். அக்கா முன்னாடி. நீங்க பின்னாடி, போரிஸ் பக்கத்துல."

போரிஸ் என்பது மைரோனின் நாய். எச்சில் வடிக்கும்.

அப்போது கையிலிருந்த ஸ்பேனரை வானோக்கி உயர்த்தி, ஓரெஸ்ட் சூளுரைத்தான்: "கேளடா மைரோன்! சனிக்கிழமை பத்து மணிக்கு இந்த ஷெட்டிலிருந்து என் கார் தன் காலால் வெளியேறும். வெளியேறாவிட்டால் நாயோடு நானும் நாயாய்ப் பின்னால் குந்துவேன். மறந்தும் மெக்கானிக் என்று ஒருவனை இந்த வாசலில் நிறுத்தேன்!"

"சரி மச்சான். போரிஸ குளிப்பாட்டி வைக்கிறேன்," என்று போனான் மைரோன்.

வெள்ளிக்கிழமை போர் மூண்டது. வாங்கிவந்த புது பெல்ட்டை அட்டைப்பெட்டி மேலிருந்த எண்ணை நம்பி மாட்டுவானா? அறுந்த பெல்ட்டையும் புதியதையும் சமையல் மேசையில் பெரோகிக் கொழுக்கட்டை மாவுக்குப் பக்கத்தில் கிடத்தி, பல் பல்லாக எண்ணினான்; நூற்றுப் பன்னிரண்டும் நூற்றுப் பன்னிரண்டும் ஒத்துப்போனதும், அது எப்படி ஒத்துப்போகும் என்று சந்தேகித்து மறுபடி எண்ணினான். பிறகு ஷெட்டுக்குள் புகுந்து, மூடிகளை உரித்து, கீழ்ச் சக்கரத்தின் நடுவே வீற்றிருந்த பெரிய போல்ட்டின் முன் மண்டியிட்டான். பனி கரைய உப்புத் தூவிய சாலையில் இருபத்தோராண்டு குளித்து, துருவையே கவசமாய் அணிந்து, அசையேன் என்று அமர்ந்திருந்த அவ்விரும்பரசனை நீண்ட கம்பியால் நெம்பினான், கம்பி வளைந்தது. பழைய கட்டிலின் இரும்புக் காலைக் கம்பியில் செருகி நெம்பினான், கட்டில்கால் முனகியது. இரண்டு கால்களையும் மோட்டார்மீது உதைந்து, தன் எண்பத்தெட்டு கிலோவும் தன் தந்தையைப் பற்றிய சில பழைய கோபங்களும் ஒருங்கே சேரத் தொங்கியபோது, இடி இடித்தாற்போல் ஒரு சத்தம். நெட்டி ஓடிவந்தாள். போல்ட்டு கழன்றிருந்தது. ஓரெஸ்ட் தரையில் கிடந்தான்.

"இடுப்பா, போல்ட்டா?"

"போல்ட்டு."

"அப்ப சரி," என்று உள்ளே போனாள்.

சனி விடிந்தது. போருக்கு முன் முரசறைவார் போல, ஊர்வழக்கப்படி காரின் மூக்கிலிருந்து தொங்கிய ஆரஞ்சு நிற ஹீட்டர் வயரைச் சுவர் ப்ளக்கில் செருகினான். இன்ஜினைச் சூடாக்காமல் அந்நாட்டில் எந்தக் காரும் எழாது. பிறகு மேல் சக்கரத்தில் கீறிய கோட்டை இன்ஜின் உடலில் உள்ள கோட்டோடும், கீழ்ச் சக்கரத்துக் கோட்டை அதன் கோட்டோடும் பொருத்தி, பெல்ட்டை மாட்டி, இறுக்கும் உருளையைப் பூட்டினான். மணி எட்டு. வெற்றி, என்றான்.

டீயோடு வந்த நெட்டி, டீயை வைத்துவிட்டு, பனித்தரையில் கல்லுக்குக் கோடு பார்ப்பது போலவே காரின் முன் குத்துக்காலிட்டு, ஒரு கண்ணை மூடினாள்.

"மேல் சக்கரம் ஒரு பல்லு தள்ளி நிக்குதுய்யா."

"நீ கண்டியாக்கும்!"

"நீ சாய்ஞ்சுக்கிட்டுப் பாத்த. நான் நேரா பாக்குறேன்."

"கல்லு உருட்டறவளுக்கு இன்ஜின் தெரியுமா?"

"கோடு தெரியும்."

நாற்பத்து மூன்றாண்டு உடன் வாழ்ந்தவளையும் நம்பாத அந்த உறுதியாளன், மூடி கூட மாட்டாமல் சாவியைத் திருப்பினான். எழுந்தது இன்ஜின், எழுந்து, ஜுரம் கண்ட எருது போல உடல் குலுங்கி, இருமி, தும்மி, ஷெட்டின் தகரத்தையெல்லாம் தாளம் போடவைத்து, மாய்ந்தது. மணி எட்டேகால். தொலைவில் நாய் குரைக்கும் ஒலி கேட்டது. அது போரிஸ் அல்ல. ஆனால் ஓரெஸ்ட்டின் காதில் போரிஸாகவே விழுந்தது.

அக்கணத்தில் அவ்வீரன் தன் வாழ்நாளின் அரிய செயலைச் செய்தான். "சரி, நீயே சொல்லு," என்றான்.

இறுக்கிய உருளையைத் தளர்த்தி, பெல்ட்டை விலக்கி, மேல் சக்கரத்தைப் பற்றினான். ஷெட் அதிர எழுந்தது தலைவியின் குரல்: "மெதுவா... இன்னும்... இன்னும்... அடப்பாவி, போதும்! நிறுத்து!" நிறுத்தினான். பெல்ட்டைப் பூட்டி, இன்ஜினைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றினான். ஊழிக்காலம் பிரிந்த காதலர் போல, கோட்டோடு கோடு வந்து சேர்ந்தது, மேலும் கீழும். மூடிகள் ஏறின, போல்ட்டுகள் ஏறின. மிஞ்சிய ஒன்று அவன் சட்டைப்பையில் ஏறியது. ஒன்பது ஐம்பத்தைந்துக்குச் சாவியைத் திருப்பினான். பட்டில் உருளும் பாதரசம் போல ஓடியது இன்ஜின்!

சரியாகப் பத்து மணிக்கு மைரோன் வந்து தெருவோரம் நின்றான். குளித்த போரிஸ் பின்சீட்டில் மணத்தோடு காத்திருந்தது. ஷெட்டின் கதவு விரிந்தது. நெட்டி தன் துடைப்பத்தைச் செங்கோல் போல் பிடித்து முன்சீட்டில் அமர, ஓரெஸ்ட் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, தோற்ற மன்னர் முன் தேரைச் செலுத்தும் வேந்தன் போலக் காரைப் பின்னோக்கிச் செலுத்தினான். மைரோன் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினான், குதித்தான், ஷெட்டைச் சுட்டிச் சுட்டி வாயை வாயைத் திறந்தான்.

"அவன் என்னமோ சொல்றான்யா, நில்லு."

"பொறாமை. அவன நம்பி நின்னா நாய்கூடத்தான் போவணும்!"

என்றுரைத்து, மச்சினனின் கதறலைத் தன் வெற்றிக்கு அவன் செலுத்தும் கப்பமாக ஏற்று, நூற்றுப் பன்னிரண்டு பற்களும் ஒரே தாளத்தில் முழங்க, வெண்பனி இருபுறமும் சிதற, ஓரெஸ்ட் ஆக்ஸிலேட்டரை ஓங்கி மிதித்தான்.

ஹீட்டர் வயரைச் சுவரிலிருந்து யாரும் கழற்றவில்லை.