பதிமூன்று துண்டு தம்ரூட்டும் ஒரு கருத்து நோட்டும்

நாற்பத்தொன்பதாவது வயதில் சரவணகுமார் குற்றவாளி ஆவது என்று தீர்மானித்தார்.

அதற்கான தகுதி அவருக்கு இருந்தது. இருபது வருடமாக அவர் படிப்பதெல்லாம் துப்பறியும் நாவல்களும் உண்மைக் குற்ற நூல்களும்தான். கொலைகாரன் யார் என்பதை நாற்பதாம் பக்கத்திலேயே சொல்லிவிடுவார். தப்பாகப் போனால், ஆசிரியருக்குக் கதை கட்டத் தெரியவில்லை என்று சொல்லிவிடுவார்.

செய்யப்போகும் குற்றம், மனைவிக்குத் தெரியாமல் தம்ரூட் என்ற இனிப்பைத் தின்பது.

சிரிக்காதீர்கள். விஷயம் ஒரு கால் விரல் சம்பந்தப்பட்டது. மாமல்லபுரத்துச் சிற்பக்கூடம் ஒன்றில் சிலைகளை வைக்கோல் சுற்றி மரப்பெட்டியில் அடைத்து அனுப்புவது அவர் வேலை. ஒருநாள் ஒரு சின்னப் பிள்ளையார் பெட்டிக்குள் இறங்காமல் அவருடைய இடது கால் பெருவிரல்மேல் இறங்கினார். புண் ஆறவே இல்லை. செங்கல்பட்டு டாக்டரம்மா ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார்.

"சர்க்கரையோட மூணு மாசச் சராசரி பத்தைத் தாண்டியிருக்கு. அடுத்த மூணு மாசத்துல ஏழுக்கு இறங்கணும். இல்லேன்னா விரலை எடுக்க வேண்டி வரலாம்."

நெம்மேலி வீட்டுக்கு வந்ததும் ரேணுகா முதல் காரியமாகச் சர்க்கரை டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தாள். வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள். செவ்வாய்க்கிழமைதோறும் தைத்ததைக் கோவளத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள். அளவெடுப்பதில் கெட்டி. அன்றிலிருந்து சோற்றுக்கும் அளவெடுத்தாள்.

"இன்னா ரேணு, இது சோறா, கொசுறா?"

"கேப்ப களி கீது. துன்னு."

"ஒரு துளி வெல்லம்?"

"வெரலு வோணுமா, வெல்லம் வோணுமா?"

விரல்தான் வேண்டும் என்று பதினோரு நாள் உறுதியாக இருந்தார். பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை. அரைநாள் வேலை முடிந்து, வழக்கம்போலப் புத்தகம் மாற்றக் கோவளம் கிளை நூலகத்துக்குப் போனார். நூலகத்துக்கு எதிரே அவருடைய சிநேகிதர் ஜலாலுதீனின் பேக்கரி. பாயின் மனைவி ராபியா அப்போதுதான் தம்ரூட் இறக்கியிருந்தாள். ரவை, பால், முட்டை, நெய், முந்திரி, ஏலக்காய் எல்லாம் சேர்ந்து மேலும் கீழும் தணலில் வெந்த அந்த வாசனை, ரோட்டைக் கடந்து வந்து சரவணகுமாரின் சட்டையைப் பிடித்து இழுத்தது.

"பாய், ஒரே ஒரு துண்டு."

"சரவணா, உனுக்கு சக்கர கீதுன்னு ரேணுகா சொல்லிச்சே?"

"அது போன வாரம்."

ஒரு துண்டு போயிற்று. கையைத் துடைத்துக்கொண்டு நூலகத்துக்குள் நுழைந்தார். அங்கே நூலகர் பார்வதம் ஒரு சட்டம் வைத்திருந்தார். கருத்து எழுதாதவருக்கு அடுத்த புத்தகம் கிடையாது. அதற்காகவே மேஜையில் ஒரு நீளமான நோட்டு, நூல் கட்டிய பேனாவோடு கிடக்கும். காசியம்மாள் என்ற வாசகி எந்தக் கொலைக் கதையைப் படித்தாலும், 'செத்தவருடைய பிள்ளைகளை அப்புறம் யார் பார்த்துக்கொண்டார்கள் என்று சொல்லவே இல்லை. தூக்கம் வரவில்லை' என்று எழுதுவார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பாலசுப்ரமணியன் எந்தப் புத்தகமானாலும் 'சுமார்' என்று எழுதுவார். அதற்குமேல் ஒரு வார்த்தை அவரிடமிருந்து யாரும் வாங்கியதில்லை.

சரவணகுமார் மட்டும் முழுப்பக்கம் எழுதுவார். குற்றவாளி எங்கே சறுக்கினான், தானாக இருந்தால் என்ன செய்திருப்பார் என்று விளக்குவார். அன்று மனசு குறுகுறுவென்று இருந்ததால் கை இன்னும் வேகமாக ஓடியது.

'இந்த நாவலில் விஷம் வைத்தவன் நேராக வீட்டுக்குப் போனது மகா தப்பு. ஏலக்காய் வாசனை வாயிலேயே நிற்கும். முன் ஸ்டாப்பில் இறங்கி நடந்தால் கடல் காற்றில் போய்விடும். நான் அப்படித்தான் செய்யப் போகிறேன். அதாவது, அவன் நிலையில் இருந்தால்.'

எழுதியபடியே செய்தார். ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கி நடந்தார். ரேணுகா தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்கினாள். ஒன்றும் கேட்கவில்லை. சரவணகுமார் தன்னைத்தானே மனசுக்குள் தட்டிக்கொடுத்தார்.

ஆனால் அடுத்த சனிக்கிழமை வாசலிலேயே மறித்தாள்.

"இன்னா மாமா, ஏலக்கா வாசன அடிக்குது?"

"பஸ்ல பக்கத்துல ஒருத்தன் பாயசம் எட்துகினு வந்தான்."

"மூக்குல பட்டா சட்டைல கூடவா ஒட்டிக்கும்?"

அதற்கடுத்த வாரம் இரண்டு ஸ்டாப் முன்னால் இறங்கினார். அப்போதும் அடிக்கிறது என்றாள். கடைசியில் முதலைப் பண்ணை ஸ்டாப்பிலேயே இறங்கி, மணலும் வெயிலுமாக மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடந்து வந்து சேர்ந்தார். அப்போதுதான், "இன்னிக்கு ஒன்னும் இல்ல" என்றாள். குற்றவாளி வெற்றிகரமாக மூச்சு வாங்கினார்.

பேக்கரியிலும் எல்லாம் சுமுகமாகவே நடந்தது. இரண்டாம் வாரத்திலிருந்து ஜலாலுதீன் கேள்வி கேட்பதை விட்டுவிட்டார். கல்லாவுக்குக் கீழிருந்து ஒரு தனி டப்பாவை எடுப்பார். "இது உனுக்குன்னே வெச்சது" என்பார்.

"பாய், முன்ன மாதிரி இல்லியே? இனிப்பு கொஞ்சம் மட்டா கீது."

"ராபியா பக்குவத்த மாத்திகினா. பேசாம துன்னு."

நாற்பதாம் பக்கத்தில் கொலைகாரனைக் கண்டுபிடிக்கும் மகானுக்கு, அந்த டப்பாவை ஏன் வேறு யாருக்கும் திறப்பதில்லை என்று கேட்கத் தோன்றவில்லை.

ஆனால் நிம்மதியாகத் தின்றார் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு துண்டுக்கும் குனிந்து விரலிடம் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பயமெல்லாம் கருத்து நோட்டுக்குத்தான் போனது. ஒரு உண்மைக் குற்ற நூலைப் படித்துவிட்டு எழுதினார்: 'இது உண்மைச் சம்பவமாம், நம்ப முடியவில்லை. இந்த ஆள் ஒன்பது வருடம் மனைவியை ஏமாற்றியிருக்கிறான். எனக்கு ஆறு வாரத்திலேயே மூச்சு முட்டுகிறது. நாவலில் வரும் குற்றவாளிகள் புத்திசாலிகள். உண்மைக் கதையில் வருகிறவர்கள் நம்மைப் போன்றவர்கள். பாவம், அவர்களுக்கும் கால் விரல்கள் இருக்கும்.'

மூன்று மாதம் முடிந்தது. செங்கல்பட்டில் டாக்டரம்மாவின் எதிரே உட்கார்ந்தபோது சரவணகுமாருக்குத் தீர்ப்புக்குக் காத்திருக்கிற உணர்ச்சி. அவர் தாளைப் பார்த்தார். குனிந்து விரலைப் பார்த்தார்.

"ஆறு புள்ளி எட்டு. புண் சுத்தமா ஆறிடுச்சு. விரலுக்கு இனி பயமில்லை. எப்படிங்க இவ்வளவு கட்டுப்பாடு?" என்று ரேணுகாவைப் பார்த்துச் சிரித்தார்.

ரேணுகா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதை மட்டும் சரவணகுமாரால் தாங்க முடியவில்லை. பஸ் ஸ்டாண்டில் திருப்போரூர் வண்டிக்குக் காத்திருக்கும்போது உடைந்துபோனார்.

"ரேணு, நான் உனுக்குத் துரோகம் பண்ணிட்டேன்."

"எத்தினி துண்டு?"

"பன்னெண்டு..." என்றவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "இன்னாது?"

"பதிமூணு. ஒரு வாரம் ரெண்டு துன்ன. பாய் சொன்னாரு."

"பாயா!"

"பின்ன? செவ்வாக்கெழம பார்வதம் மேடத்துக்கு ஜாக்கெட் குடுக்கப் போனேன்ல. ‘உங்க வூட்டுக்காரர் கருத்தப் பாரும்மா, எதுவோ சரியில்ல’ன்னு நோட்டத் தொறந்து காட்டினாங்க. விஷம் வெச்சவன் வாயில ஏலக்கா வாசன எங்கேந்துய்யா வரும்? நேரா ரோட்டத் தாண்டி ராபியாகிட்டப் போனேன்."

"சண்ட போட்டியா?"

"அய்யே, இன்னாத்துக்கு? அது வோணாம்னா நீ வேற கடைக்குப் போவ. டாக்டரம்மாகிட்டயே கேட்டுகினு வந்தேன். ரவைக்குப் பதிலா பாதாம் மாவு, சக்கரைக்குப் பதிலா சீனித்துளசிப் பொடி. ராபியா வாராவாரம் உனுக்குன்னு தனியா ஒரு டப்பா போட்டுச்சு. மொத வாரம் துன்னது மட்டுந்தான் அசலு."

சரவணகுமார் கைவிரல்களில் வாரங்களை எண்ணிப் பார்த்தார். கடைசியாக ஒரு சந்தேகம் எழுந்தது.

"அப்ப அந்த வாசன?"

"வாசனயும் இல்ல, ஒன்னும் இல்ல. நீ நடக்கட்டும்னு சொன்னேன். டாக்டரம்மா, புண்ணு காயக் காய தெனமும் நடக்கச் சொன்னாங்க. சொன்னா நீ நடப்பியா? வாரத்துல ஒரு நாளாச்சும் முதலப் பண்ணலேந்து நடந்தல்ல?"

வண்டி வந்தது. ஜன்னலோர சீட்டைச் சரவணகுமார் அவளுக்குக் கொடுத்தார். வெட்கம் கொஞ்சம், நன்றி நிறைய. ஒரு துண்டு இனிப்புக்காக இத்தனை பேர் கூடிச் சதி செய்து தன் விரலைக் காப்பாற்றியிருக்கிறார்கள். செருப்புக்குள் அந்த விரலை ஆட்டிப் பார்த்தார். நன்றாகவே ஆடியது.

அடுத்த சனிக்கிழமை முதலில் பேக்கரிக்குப் போய்ப் பாயின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "உடு, உடு, சட்டைல மாவு ஒட்டும்" என்றார் ஜலாலுதீன். உள்ளேயிருந்து ராபியா, "அண்ணே, டப்பா ரெடியா கீது" என்றாள். சரவணகுமார் பாயின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

பிறகு நூலகத்துக்குப் போனார். எல்லோருக்கும் பகிரங்கமாக நன்றி சொல்லி ஒரு பக்கம் எழுதிவிடுவது என்று முடிவு. பார்வதம் ஏதோ சிரிப்பை அடக்கிக்கொண்டு நோட்டை நகர்த்தினார். செவ்வாய்க்கிழமைத் தேதியில், ஜாக்கெட் அளவு எழுதும் அதே நேர்த்தியான கையெழுத்தில் ரேணுகா எழுதியிருந்தாள்.

'புத்தகத்தின் பெயர்: என் வீட்டுக்காரரின் கருத்துகள். குற்றவாளி யார் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. இருந்தாலும் ஒரு வாரம் விடாமல் கடைசிவரை படித்தேன். நல்ல மனுஷன். தொலையாமல் வைத்துக்கொள்ள வேண்டியவர்.'

மூன்று தடவை படித்தார். எழுத்துகள் கலங்கின. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதற்குக் கீழேயே தன் நன்றியை எழுதலாம் என்று பேனாவை எடுத்தார். கீழே இடம் இல்லை.

காசியம்மாள் எழுதியிருந்தார்: 'விரல் தப்பியது என்று பார்வதம் சொன்னார். மூன்று மாதம் கழித்து நேற்றுதான் தூங்கினேன்.'

அதற்கும் கீழே, தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு வார்த்தைக்கு மேல் செலவழித்துப் பாலசுப்ரமணியன் எழுதியிருந்தார்: 'நானும் வாராவாரம் படித்தேன். குற்றவாளி சுமார். மனைவி மிக நன்று.'