என் வாக்கியத்தை முடிக்க வந்த கிளி

நான் ஆரம்பிக்கும் வாக்கியத்தை எப்போதும் வேறு யாராவதுதான் முடித்து வைப்பார்கள். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று "எனக்கு…" என்று இழுத்தேன். "சம்மதமாம்" என்று முடித்தார் சித்தி. (காபி வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.)

தென்காசியில் ஓர் அச்சகத்தில் தட்டச்சு செய்கிறேன். கல்யாணப் பத்திரிகையோ கண்ணீர் அஞ்சலி போஸ்டரோ, எழுத்தை முதலில் கணினி எடிட்டரில் அடித்துவிட்டுத்தான் அழகுபடுத்துவோம். பாதி அடித்தாலே மீதியைத் தானே எழுதித் தரும் ஆட்-ஆன் என்ற துணைச் செயலி உண்டு என்று தெரிந்ததும், எனக்காகவே செய்ததுபோல இருந்தது. தேடினேன். ஒன்று அகராதிச் சொற்களை மட்டும் தரும். இன்னொன்று, கணினியில் உள்ள பழைய கோப்புகளையெல்லாம் படித்துவிட்டு முழு வரியாகவே தருமாம். அதன் படம் ஒரு பச்சைக் கிளி. கிளிக்காகவே அதை நிறுவினேன். (பிளஸ் டூ படித்தவளின் தொழில்நுட்ப ஆராய்ச்சி.)

குற்றாலத்தில் சீசன். சாரல் தென்காசி வரை வந்து, பகலிலேயே கடை இருண்டு கிடந்தது. அச்சன்புதூரிலிருந்து ஒரு அம்மா, மகனின் கல்யாணப் பத்திரிகைக்காக அவனோடு வந்தார். இருவரும் என் முதுகுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார்கள்.

மாப்பிள்ளை பெயர் சங்கரலிங்கம். ஊரையும் பெயரையும் அடித்தேன். பக்கத்தில் சாம்பல் நிறத்தில் எழுத்துகள் மெல்ல எழுந்தன: "அவர்கள் இயற்கை எய்தினார்."

அழிப்பதாக நினைத்து, பதற்றத்தில் டேப் பொத்தானைத் தட்டினேன். (அதைத் தட்டினால் 'சரி' என்று அர்த்தம்.) சாம்பல் எழுத்து கறுத்தது. அடுத்த வரி தானாக எழுந்தது: "இறுதி ஊர்வலம் இன்று மாலை அன்னாரது இல்லத்திலிருந்து…"

"ஏட்டி, என்ன எழுதுத நீ?" அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"நான் இல்ல… அது…"

"நீ இல்லன்னா வேற யாரு எழுதுதா?"

மாப்பிள்ளை தன் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாலே போவோம். இந்தக் கல்யாணமே வேண்டாம். பொண்ணு வீட்டுக்கு போனப் போடு."

"யம்மா, சும்மா இரும்மா!" என்றவனின் கண்கள் என்னைக் கெஞ்சின. அந்தப் பெண்ணை அவனுக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று அப்போது தெரிந்தது.

இந்த முறை என் வாக்கியத்தை முடிக்க யாருமில்லை. பழைய போஸ்டர்களில் அதே பெயரைத் தேடி ஒன்றைத் திறந்தேன். மீசை வைத்த ஒரு பெரியவர் திரையில் வந்து நின்றார்.

"இது இங்க அடிச்ச போஸ்டர்தான். இதப் படிச்சிட்டுத்தான் கம்ப்யூட்டரு சொல்லுது. ஒங்க மவன் இல்ல, இவரு!" ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அம்மா குனிந்து பார்த்தார். "எங்க மாமனாருலா! அவரு பேரத்தான இவனுக்கு வச்சோம்." சட்டென்று முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு திரையைக் கும்பிட்டார். "கோவிச்சுக்கிடாதீங்க மாமா. ஒங்களுக்குப் படைக்காமப் பத்திரிக அடிக்க வந்துட்டோம்."

படையல் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள். கல்யாணம் நல்லபடியாக நடந்தது.

அன்று அவர்கள் படையலுக்குக் கிளம்பியதும் நான் செய்ததுதான் பைத்தியக்காரத்தனம். கிளியை நீக்கும் முன், சும்மா என் பெயரை அடித்தேன். எந்தப் பத்திரிகையிலும் எந்தப் போஸ்டரிலும் நான் அடித்திராத பெயர். சாம்பல் நிறத்தில் ஏதோ எழ ஆரம்பித்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

இதை வீட்டில் வேறு சொல்லித் தொலைத்தேன். இன்றும் நான் பேச்சைப் பாதியில் நிறுத்தினால், "முழுசாச் சொல்லிரு ஆனந்தி, இல்லன்னா கிளி சொல்லிரப் போவுது" என்கிறார் கணவர். பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஆனால், முழுசாகச் சொல்லிவிடுவேன்.