களிக் கம்பெனி மாப்பிள்ளை

2003-ஆம் வருடம் ஜூலை மாதம், ஒரு சனிக்கிழமை மாலை, ஸ்ரீகாரியத்திலிருந்து கிழக்கேகோட்டை வரும் பஸ்ஸில் நான் ஒரு சபதம் எடுத்தேன். இன்று என் மனைவியிடம் ஒரு பொய் சொல்லியே தீருவது.

மற்ற கணவர்கள் இதற்கெல்லாம் சபதம் எடுப்பதில்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். எனக்குப் பழக்கமில்லை. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். எங்கே ஒரு எழுத்து தப்பினால் பட்டத்தைத் திருப்பி வாங்கிக்கொள்வார்களோ என்று பயந்தே வாழ்கிறவன். வேலைக்கான படிவத்தில் ‘பிற திறமைகள்’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதியவன். ஆகவே ஒத்திகை பார்த்தேன்.

“கோழியை நான் கொல்லலை. கோழியை நான் கொல்லலை.”

பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடம் பார்த்து உட்கார்ந்தார்.

கோழி என்றால் குழம்பு வைக்கிற கோழி இல்லை. கம்ப்யூட்டருக்குள் இருந்த கோழி. அதைச் சொல்வதற்கு முன் என் கல்யாணத்தைச் சொல்ல வேண்டும்.

கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு வேலை. மொத்தம் எட்டுப் பேர். மலையாளத்தில் விளையாட்டுக்குக் ‘களி’ என்று பெயர், செய்வதற்கு ‘உண்டாக்குவது’. ஆரியசாலையில் நாற்பது வருடம் இருந்த என் அத்தை சிவகாமியம்மாள் வள்ளியூருக்குப் பெண் கேட்கப் போனபோது, அதே பாஷையில் சொல்லிவிட்டாள்: “பையன் களி உண்டாக்குற கம்பெனில ஜோலி பாக்கான்.”

வள்ளியூரில் களி என்றால் உளுந்தங்களி. பெண்ணின் அப்பா பகவதிப்பெருமாள் நிமிர்ந்து உட்கார்ந்தாராம். “சாப்பாட்டு யாவாரம். எந்தக் காலத்துலயும் படுக்காது” என்று அப்போதே தட்டை மாற்றிவிட்டார். சீரோடு சீராக ஒரு மூட்டை உளுந்தும், களி கிண்ட ஒரு மரத்துடுப்பும் வந்தன. கல்யாணமான மறுநாள் அவரைத் தனியாக அழைத்து விளக்கினேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். கடைசியில், “சரி, களிதான?” என்றார்.

துடுப்பை அடுப்படிச் சுவரில் மாட்டினோம்.

என் உத்தியோகம் டெஸ்டர். ஆட்டத்தை விளையாடித் தப்புக் கண்டுபிடிக்க வேண்டும். கேட்கிறவர்களுக்கு எச்சில் ஊறும். உண்மையில் நான் செய்தது, கம்ப்யூட்டருக்குள் இருந்த ஒவ்வொரு சுவரிலும் போய் முட்டிப் பார்ப்பது. சுவர் நின்றால் சரி. உள்ளே புகுந்தால் தப்பு. சம்பளம் வாங்கிக்கொண்டு முட்டுகிற ஆள். ‘முட்டு’, ‘ஆள்’ என்ற இரண்டு சொல்லையும் சேர்த்துச் சொல்லி என் மனைவி இசக்கிசெல்வி ஒரு வாரம் சிரித்தாள்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது ஒரு யுத்த ஆட்டம். ஒரு வீரன் துப்பாக்கியோடு ஒரு கிராமத்தைத் தாண்டிப் போய்க் கோட்டையைப் பிடிக்க வேண்டும். உலகத்தில் அதே மாதிரி நூறு ஆட்டங்கள் ஏற்கெனவே இருந்தன. டென்மார்க்கில் ஒரு கம்பெனி எங்களை நூற்றியோராவதைச் செய்யச் சொல்லியிருந்தது. அவர்கள் கையை உதறினால் நாங்கள் எட்டுப் பேரும் தெருவில். எங்கள் மேனேஜர் பிரஜின் தினமும் ஈமெயிலைத் திறப்பதற்கு முன் கண்ணை மூடித் திறப்பார்.

ஆட்டத்தை ஒப்படைக்கும் நாள் நெருங்கியதால் ஒரு பழைய கம்ப்யூட்டரையும் ஆட்டத்தின் சிடி ஒன்றையும் ஆட்டோவில் ஏற்றி என் வீட்டுக்கே அனுப்பினார்கள். அங்கேதான் வினை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இசக்கிசெல்வி கூப்பிட்டாள்.

“என்னங்க, இங்க வாங்க. உங்க கோழி என் பின்னாலயே வருது.”

“கோழி வராது. தரையைக் கொத்துறது மட்டுந்தான் அதுக்கு வேலை.”

“அத கோழிகிட்ட சொல்லுங்க.”

போய்ப் பார்த்தேன். வைக்கோல்போருக்குப் பக்கத்தில் நின்ற மூன்றாவது கோழி, வீரன் பின்னால் குடுகுடுவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவன் நின்றால் நின்றது. குடிசைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். சுவர் வழியாக உள்ளே வந்தது.

“நான் இந்த ஊரை முந்நூறு தடவை தாண்டியிருக்கேன். எனக்கு வரலையே?”

“துப்பாக்கியக் கீழ வச்சீங்களா?”

“எதுக்கு வைக்கணும்?”

“கையில துப்பாக்கி இருந்தா எந்தக் கோழி வரும்? நானே வரமாட்டேன்.”

என்னுடைய சோதனைப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். எழுபது வரிகள். ‘துப்பாக்கியைக் கீழே வைத்துப் பார்க்கவும்’ என்று ஒரு வரி இல்லை.

அடுத்த வீட்டு ஜெயபாய் அக்கா வந்தார். விளவங்கோட்டுப் பக்கத்துக்காரர். டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். “எந்தா பிள்ளே, கம்ப்யூட்டருல கோழி வளக்கியா?” என்றவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அன்றிலிருந்து தினமும் மத்தியானம் இரண்டு பெண்களும் கோட்டையைப் பிடிக்கவே இல்லை. கோழியைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றினார்கள். கோட்டைக்கும் போனார்கள். கோழி நேராக எதிரி ராஜாவின் சிம்மாசனத்தில் ஏறி உட்கார்ந்தது. காவலர்கள் அதற்கு வணக்கம் வைத்தார்கள். ஜெயபாய் அக்கா சிரித்த சிரிப்பில் சாலை பஜார் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்திருப்பார்கள்.

கோழிக்கு மாடம்மாள் என்று பெயர். அது இசக்கிசெல்வியின் பெரியம்மா பெயர். அந்தப் பெரியம்மாளும் கதவைச் சாத்தினாலும் வந்துவிடுவாளாம்.

“இது பக்” என்றேன்.

“பக்குன்னா?”

“தப்பு. ரிப்போர்ட்ல எழுதணும். எழுதினா சரி பண்ணிடுவாங்க.”

“யார, மாடம்மாளையா? நீங்க சொல்லும்போதே எனக்குப் பக்குன்னு இருக்கு.” அவள் எழுந்து நாற்காலியை எனக்குத் தள்ளினாள். “ஒரேயொரு தடவ நீங்க விளையாடிப் பாருங்க. ரிப்போர்ட்டுக்கு இல்ல. சும்மா.”

“நேரமில்ல செல்வி.”

“சரி, எழுதாமயாவது இருங்க. இருப்பீங்களா?”

“பார்க்கலாம்.”

இதுதான் நான் அவளிடம் சொன்ன முதல் அரைப் பொய். எனக்கு அப்போது தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அந்த வாரமே பிரஜின் எல்லாரையும் கூப்பிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னார். “கணேஷே, காரியம் கொஞ்சம் சீரியஸ் ஆணு. சனிக்கிழமைக்குள்ள எல்லாத் தப்பும் ரிப்போர்ட்ல வரணும். ஒண்ணு விட்டாலும் டென்மார்க்காரன் இதைச் சாக்கா வச்சு நிறுத்திருவான்.”

இருநூற்றுப் பதினொரு தப்புகளை எழுதியாயிற்று. பேனாவைக் கீழே வைத்திருக்கலாம். இரண்டு மணி நேரம் யோசித்தேன். ஒரு கோழிக்காக எட்டுப் பேர் பிழைப்பா? எழுதினேன்.

‘எண் 212. வீரன் துப்பாக்கியைக் கீழே வைத்தால் மூன்றாவது கோழி பின்னால் வருகிறது. சுவர் வழியாகவும் வருகிறது. எதிரி அரசனின் சிம்மாசனத்தில் அமர்கிறது. காவலர்கள் வணங்குகிறார்கள். பாதிப்பு: பார்ப்பவர்கள் சிரித்துக்கொண்டே யுத்தத்தை மறந்துவிடுகிறார்கள்.’

கடைசியில் ‘கண்டுபிடித்தவர்’ என்று ஒரு கட்டம். மற்ற இருநூற்றுப் பதினொன்றிலும் என் பெயர். இதில் என் பெயரைப் போட மனம் வரவில்லை. உண்மை உண்மைதானே. ‘ப. இசக்கிசெல்வி’ என்று எழுதினேன்.

புரோகிராமர் பிரணவ் பத்தே நிமிடத்தில் சரி செய்துவிட்டான். மாடம்மாள் நின்ற இடத்திலேயே நின்று தரையைக் கொத்தினாள். அன்று கொண்டுபோன சாப்பாட்டை நான் திறக்கவில்லை. பழைய சிடி ஒன்றும் மிஞ்சக்கூடாது, புதியதோடு கலந்துவிடும் என்று ஆபீசில் இருந்த ஏழையும் என் கையாலேயே உடைத்தேன். எட்டாவது வீட்டில் இருந்தது. அதை உடைக்கத்தான், பொய்யை ஒத்திகை பார்த்துக்கொண்டு, அந்தச் சனிக்கிழமை பஸ்ஸில் வந்தேன்.

நான் கொண்டுவந்த புதிய சிடியை இசக்கிசெல்வி போட்டாள். துப்பாக்கியைக் கீழே வைத்தாள். காத்திருந்தாள். வைக்கோல்போரைச் சுற்றி மூன்று தரம் நடந்தாள்.

“மாடம்மாள் வரல.”

“அப்படியா?”

“நீங்க எழுதுனீங்களா?”

“கோழியை நான் கொல்லலை!”

“கொன்னீங்கன்னு யாரு சொன்னா?”

இந்தக் கேள்வியை நான் ஒத்திகை பார்க்கவில்லை. “பிரணவே பார்த்துட்டான். அவனே, தானாவே, சரி பண்ணிட்டான். பஸ்ஸில் கூட்டமே இல்லை” என்றேன்.

ஜெயபாய் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “தம்பி, உள்ளதச் சொல்லும். கள்ளம் சொல்லாண்டாம்.”

“உள்ளதுதான் அக்கா.”

இசக்கிசெல்வியிடம் திரும்பினேன். பழைய சிடியைக் கேட்டேன். உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தாள். உறையில் இருந்த எண்ணை இரண்டு முறை சரிபார்த்தேன். சில்லு கையைக் கிழிக்கும் என்பதால் உறையோடு சேர்த்தே மடக்கி உடைத்தேன். எதிலும் கவனமான ஆள் நான்.

அதன் பிறகு ஒரு மாதம் அவள் என்னிடம் கோபித்துக்கொள்ளவே இல்லை. அது இன்னும் மோசம். மத்தியானங்களில் கம்ப்யூட்டர் மேல் துணியைப் போட்டு மூடிவைத்தாள். வீட்டில் சிரிப்புச் சத்தம் இல்லை. தப்பே இல்லாத வீடு.

தப்பே இல்லாத ஆட்டத்தையும் டென்மார்க்காரர்கள் நிறுத்தத்தான் இருந்தார்கள். கடையில் யுத்த ஆட்டம் ஒன்றும் போகவில்லையாம். மூடுவதற்கு முன் யாரோ ஒருவர் என் ரிப்போர்ட்டைப் புரட்டியிருக்கிறார். 212-க்கு வந்ததும் சத்தமாக வாசித்தாராம். ஆபீசே சிரித்ததாம். ஈமெயில் வந்தது: ‘யுத்தம் வேண்டாம். கோழி வேண்டும். பழைய சிடியை ஒரு வாரத்தில் அனுப்பினால் மேலே பேசலாம்.’

பிரணவ் ஏற்கெனவே பெங்களூருக்குப் போய்விட்டான். போனில் பிடித்தால், “அன்னைக்கு புரோகிராம்ல என்ன தப்பா எழுதினேன்னு எனக்கே ஓர்மையில்ல” என்றான். சரியானதை மறுபடி எழுதலாம். தப்பானதை எப்படி மறுபடி எழுதுவது?

பிரஜின் என்னைப் பார்த்தார். “சிடி?”

“எட்டும் உடைச்சாச்சு சார்.”

“எட்டுமா?”

“கவனமா.”

அவர் தலையில் கை வைத்தார். பிறகு ரிப்போர்ட்டை எடுத்தார். “இந்த இசக்கிசெல்வி ஆரு?”

நான் சொன்னேன். அவசரத்துக்கு என்று நான் கொடுத்து வைத்திருந்த ஜெயபாய் அக்கா வீட்டு எண்ணை அவர் சுழற்றியபோது, நான் பஸ் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தேன். எதற்கு ஓடினேன்? கோழியை ரிப்போர்ட்டில் எழுதியது நான்தான் என்று அவள் காதில் விழுவதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று. அந்த ஒரு மரியாதையாவது மிஞ்சட்டும் என்று.

வீட்டுக்குள் நுழைந்தபோது இரண்டு பெண்களும் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார்கள். திரையில் சிம்மாசனம். சிம்மாசனத்தில் மாடம்மாள்.

“வாங்க” என்றாள் இசக்கிசெல்வி. “212-ல எம்பேர எழுத்துப்பிழை இல்லாம எழுதியிருக்கீங்களாம். ஒங்க மேனேஜர் வாசிச்சுக் காட்டுனாரு.”

“செல்வி, நான்...”

“கள்ளம் சொல்லத் தெரியலேன்னா சொல்லாம இரிக்கணும் தம்பி” என்றார் ஜெயபாய் அக்கா.

“இந்த சிடி எப்படி? நான் உடைச்சேனே!”

“உளுந்து டப்பாவுல வச்சிருந்தேன். ‘பார்க்கலாம்’னு சொன்னீங்கள்ல, அன்னைக்கே உறைய மாத்திட்டேன்.”

“அப்போ நான் உடைச்சது?”

“நம்ம கல்யாண சிடி.”

அவள் குரலைத் தாழ்த்தினாள். “ரெண்டு மணி நேரம் ஓடும். அதுல நீங்க ஒரு எடத்துலகூடச் சிரிக்கல.”

ஒரு பிரதியை உளுந்து டப்பாவில் வைத்துக்கொண்டு சிடியை டென்மார்க்குக்கு அனுப்பினோம். கம்பெனி பிழைத்தது. ஆனால் பாதிதான். கோழி ஆட்டத்துக்கு நான்கு பேர் போதுமாம். நான்கு பெயரும் அங்கிருந்தே வந்தன. நான்காவது பெயர், ‘கோழியைக் கண்டுபிடித்தவர்’. பிரஜின் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “நீ கண்டுபிடிச்ச இருநூத்திப் பதினொண்ணும் சரியான தப்புதான் கணேஷே. பக்ஷே, ஒண்ணுலயும் ஆருக்கும் சிரிப்பு வரல.”

இப்போது தினமும் ஒன்பது மணி பஸ்ஸில் இசக்கிசெல்வி ஸ்ரீகாரியம் போகிறாள். நான் வீட்டில் இருந்துகொண்டு வேறு வேலைக்கு எழுதிப்போடுகிறேன். போன வாரம் ஒரு மத்தியானம் கம்ப்யூட்டர் மேல் கிடந்த துணியை எடுத்தேன். பட்டியல் இல்லை, பேனா இல்லை. துப்பாக்கியைக் கீழே வைத்தேன். மாடம்மாள் குடுகுடுவென்று வந்தாள். கதவைச் சாத்தினேன். சுவர் வழியாக வந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நன்றாகவே வந்தது. செல்வி நாற்காலியைத் தள்ளிக் கேட்ட அன்றைக்கே இது வந்திருக்கும். திரும்பிப் பார்த்தேன். காட்டுவதற்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

அடுப்படியிலிருந்து தீய்ந்த வாசம் வந்தது. ஓடிப்போய்த் துடுப்பைச் சுவரிலிருந்து எடுத்தேன். மகளைப் பார்க்க வள்ளியூரிலிருந்து மாமனார் வருகிறார் என்று உளுந்தங்களி கிண்டிக்கொண்டிருந்தது மறந்தே போயிருந்தது.

வந்தவருக்கு அதையே உருட்டி வைத்தேன். வேலை போனதையும் சொன்னேன். இந்த முறை சத்தமாகச் சொன்னேன். அவர் ஒரு வாய் போட்டு, வெகு நேரம் மென்று, என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

“கம்பெனியிலயும் இப்படித்தான் கிண்டுனீங்களா மாப்ள?”